பேரிடரில் ஈகை ஓர் அமானிதம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



2007 நவம்பர் 15 ஆம் நாள் இரவு, சிடர் என்னும் கடும்புயல் வங்கதேசத்தின் தென்மேற்குக் கடற்கரையைத் தாக்கியது. பர்குனா, பட்டுவாகாளி, பாகேர்ஹாட், பிரோஜ்பூர் மாவட்டங்களில் ஊர்கள் பல தரைமட்டமாயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அறுவடையை எதிர்நோக்கியிருந்த நெற்பயிர் வயலிலேயே அழிந்தது. மீனவர்கள் படகையும் வலையையும் இழந்தனர். குளத்து நீரையே பருகி வாழ்ந்த மக்களின் குளங்களில் கடல்நீர் புகுந்து, குடிநீரும் இல்லாமற் போயிற்று.

இத்தகைய துயரச் செய்தி நம்மை எட்டும்போது நாம் எதைக் கொடுக்கிறோம்? எப்படிக் கொடுக்கிறோம்?

ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. ஒரு நாள் முற்பகலில் முளர் குலத்தார் சிலர் மதீனாவுக்கு வந்தனர். காலில் செருப்பில்லை, உடலை மறைக்கப் போதிய ஆடையுமில்லை. அவர்களுடைய வறுமையைக் கண்ட மாத்திரத்தில் நபி (ஸல்) அவர்களின் திருமுகம் மாறிவிட்டது. பிலால் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்லச் செய்து, தொழுகை நடத்தி, மக்களுக்கு உரை நிகழ்த்தினார்கள். பொற்காசோ, வெள்ளிக்காசோ, ஆடையோ, கோதுமையோ, பேரீச்சம்பழத்தின் ஒரு பாதியோ, இயன்றதைத் தருமாறு வேண்டினார்கள். அன்சாரித் தோழர் ஒருவர் தூக்க இயலாத கனமான பை ஒன்றைக் கொண்டுவந்தார். பிறரும் தொடர்ந்தனர். உணவு ஒரு குவியலாகவும் ஆடை ஒரு குவியலாகவும் உயர்ந்தன. அப்போதுதான் அண்ணலாரின் முகம் பொன்னெனப் பொலிந்தது.

சகோதரர்களே! பசித்தவர்க்கு உணவும், ஆடையற்றவர்க்கு ஆடையும் அன்றைக்கே திரட்டப்பட்டன என்பதைச் சிந்தியுங்கள். தேவைக்கேற்ற பொருள், தேவையான நேரத்தில்! இதுவே நபிவழி நிவாரணம்.

நமக்கே கொடுக்கப்பட்டால் முகஞ்சுளித்து வாங்கும் மட்டமான பொருளைத் தர்மமாக்காதீர்கள் என அல்பகரா அத்தியாயத்தின் 267 ஆம் வசனம் எச்சரிக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணிகள் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்ததை நம் நாட்டார் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டில் இடத்தை அடைத்துக் கொண்டிருந்ததை வெளியேற்றுவது ஸதகா ஆகுமா? வீட்டை இழந்தவன் மானத்தை இழக்கவில்லையே!

புயலுக்குத் தப்பியவர் அசுத்த நீரால் மடிவதுண்டு. ஆதலால் முதல் தேவை தூய நீர். குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்பது நிவாரணப் பணியாளர் கொள்ளும் அளவு. இறந்துபோன தம் தாயாருக்காக எந்தத் தர்மம் சிறந்தது என்று ஸஅத் பின் உபாதா (ரலி) வினவியபோது, நபி (ஸல்) அவர்கள் காட்டிக் கொடுத்ததும் தண்ணீரையே. ஸஅத் (ரலி) ஒரு கிணறு தோண்டினார்கள்.

அவசர உதவியுடன் நம் கடமை முடிவதில்லை. 1970 நவம்பர் புயலில் அதே வங்கக் கடற்கரையில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1991 ஏப்ரலில் ஏறத்தாழ 1,38,000 பேர். சிடரும் கொடும்புயலே, எனினும் உயிரிழப்பு பன்மடங்கு குறைந்தது. ஏன்? செம்பிறைச் சங்கத் தொண்டர்கள் பல்லாயிரவர் ஊர் ஊராகச் சென்று எச்சரித்தனர். கான்கிரீட் புகலிடங்கள் எழுப்பப்பட்டிருந்தன. ஓர் உயிரைக் காப்பது மனிதகுலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பாகும் என்ற மறைவாக்கு அங்கே செயல்வடிவம் பெற்றது.

சிடருக்குப் பின் ஒருவர் தம் பெயரை வெளியிடக்கூடாதென்ற நிபந்தனையுடன் 13 கோடி டாலர் வழங்கினார். இஸ்லாமிய வளர்ச்சி வங்கி வாயிலாக, புயற்காலத்தில் புகலிடமாகவும் மற்றைய நாளில் பள்ளிக்கூடமாகவும் பயன்படும் கட்டடங்கள் எழுந்தன. கொடுத்தவர் சவூதி மன்னர் அப்துல்லாஹ் என்பது அவருடைய மறைவுக்குப் பின்னரே உலகறிந்தது. நாமோ ஒரு மூட்டை அரிசி கொடுத்து, பெறுபவரை நிறுத்திப் படம் பிடிக்கிறோம்! சொல்லிக் காட்டுதலும் மனத்தைப் புண்படுத்துதலும் தர்மத்தையே பாழாக்கும் அல்லவா?

ஆகவே அன்பர்களே! கொடுப்பதற்கு முன் அவர்களுக்கு எது தேவையென விசாரியுங்கள். நல்லதைக் கொடுங்கள். மதம் பாராது கொடுங்கள். செய்தித்தாள்கள் மறந்த பின்னரும் விதைக்கும் படகுக்கும் அநாதைகளின் கல்விக்கும் கொடுங்கள்.

யா அல்லாஹ்! துயருற்றோரின் துயர் நீக்குவாயாக! எங்கள் ஈகையைத் தூய்மையாக்கி ஏற்றுக்கொள்வாயாக! ஆமீன்.