தொடங்குவோருக்கு விஞ்ஞானம்



விஞ்ஞானத்தைப் புதிதாகக் கற்பவருக்கு எளிதில் விளக்குவது எப்படி என்று பேசும்படி சங்கத்தார் பணித்தனர். உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நாம் கூடியிருக்கும் இப் பண்டத்தரிப்பிலே, 1820ஆம் ஆண்டில், ஜோன் ஸ்கடர் என்னும் அமெரிக்கர் மேனாட்டு வைத்தியஞ் செய்யத் தொடங்கினார். பின்னர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் மானிப்பாயிலிருந்து செய்த வேலையே என் பேச்சுக்குப் பொருள்.

கிறீன் வைத்தியர் முதலில் ஆங்கிலத்திலேதான் படிப்பித்தார். பின்பு, 1864ஆம் ஆண்டளவில், தமிழுக்கு மாறினார். தமிழிற் கற்றவர் ஊர்ச்சனங்களோடு நிற்பர் என்பது அவர் எண்ணம். ஆனால் படிப்பிக்கப் புத்தகம் எங்கே? தம் மாணாக்கரைத் துணைக்கொண்டு அவரே ஆக்குவித்தார். உடற்கூற்றுக்கு 'மனுஷ அங்காதிபாதம்', சத்திரவைத்தியத்துக்கு 'இரணவைத்தியம்', இரசாயனத்துக்கு, 1875இல், 'கெமிஸ்தம்'. இக்கடைசிப் பெயரைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறீர்கள். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வால்! ஆனால் அதிலே நல்ல புத்தியுண்டு. இரணம் என்றாற் புண் என்பது ஊரறிந்தது. ஆகவே அதை வைத்தார். அறிந்த சொல் கிட்டாதவிடத்து இரவல் வாங்க வெட்கப்படவில்லை.

சொல்லைத் தமிழாக்கினால் மாத்திரம் போதுமோ? போதாது. பரீட்சைக்கு 'இருதய வால்வு' என்று பாடமாக்கி முழுப்புள்ளி வாங்கிய பிள்ளையிடம், ஆஸ்பத்திரியால் வந்த அப்பாச்சி கேட்கிறார்:

"பிள்ளை, டொக்டர் என்னவாம் சொன்னவர்?"

"இருதய வால்வு ஒழுகுதாம், அப்பாச்சி."

"ஐயோ! அப்ப இரத்தமெல்லாம் வடிஞ்சு போயிடுமோ?"

இங்கேதான் படிப்பின் பரீட்சை. அந்தப் பிள்ளை கிணற்றடியைக் காட்டலாமே! நீரிறைக்கும் இயந்திரக் குழாயின் அடியிலே புட்வால்வு இருக்கிறது. அது தண்ணீரை மேலே ஏறவிடும், திரும்பி இறங்கவிடாது. அது தேய்ந்துவிட்டால் குழாய் நீர் கிணற்றுக்கே வடிந்துவிடும். மறுநாள் குழாய்க்குள் நீர் ஊற்றித்தான் இயந்திரத்தை ஓட்டவேண்டும். இருதயத்திலும் இத்தகைய கதவுகள் நான்குண்டு. வைத்தியர் குழாய்வைத்துக் கேட்கும் 'லப், டப்' என்பது அக்கதவுகள் இரண்டிரண்டாகச் சாத்தும் ஓசை. ஒரு கதவு சரியாகச் சாத்தாவிடில் இரத்தம் பின்னோக்கிக் கசியும். ஓசையோடு ஓர் இரைச்சலும் எழும்.

உவமை எவ்விடத்தில் முடிகிறதென்பதையும் கட்டாயம் சொல்லவேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். தோட்டத்துக்குப் பாய்ந்த நீர் கிணற்றுக்குக் குழாய்வழி மீள்வதில்லை. இரத்தமோ சுற்றிச்சுற்றி இருதயத்துக்கே வருவது. கதவு ஒழுகினாலும் இரத்தம் உடம்பைவிட்டு வெளியே போவதில்லை, பின்னறைக்குத்தான் திரும்புகிறது. அதனால் இருதயத்துக்கு வேலை கூடி இளைப்பு வருகிறது. இதைச் சொன்னாற்றான் அப்பாச்சியின் பயம் தீரும்.

பயம் தீர்ந்தால் அடுத்த கேள்வி அவரிடமிருந்தே வரும்: "அப்ப, பழுதான கதவை மாத்தேலாதோ?" மாற்றலாம். 1960 தொடக்கம் இருதயத்திற் செயற்கை வால்வு வைத்துப் பலரைப் பிழைப்பித்திருக்கிறார்கள். தமக்கு அது தேவையோ என்பதை, அடுத்த கிளினிக்கில், அப்பாச்சியே டொக்டரிடம் கேட்டுக்கொள்வார்.