கடல் கடந்த முதல்

(பள்ளத்தூர்க் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நாட்டிடை வணிகக் கொள்கைகளைப் பற்றிப் பேச, பருமாத் தேக்குத் தூண்கள் நிற்கும் இச்செட்டிநாட்டினும் பொருத்தமான இடம் வேறில்லை.

இரிக்கார்தோ என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் 1817ஆம் ஆண்டில் ஒரு கணக்குச் சொன்னார். குறித்த அளவு துணி நெய்ய இங்கிலாந்துக்கு ஓராண்டில் 100 பேர் உழைப்பு வேண்டும்; போர்த்துகலுக்கு 90 பேர் போதும். கொடிமுந்திரித் தேறல் வடிக்க இங்கிலாந்துக்கு 120 பேர். போர்த்துகலுக்கு 80 பேர். இரண்டிலும் போர்த்துகலே வல்லது. எனினும் அது தேறலை மட்டும் வடித்துத் துணியை இங்கிலாந்திடம் வாங்கினால் இரு நாட்டுக்கும் பயன் என்றார். இதுவே ஒப்பீட்டு நலக் கொள்கை. கணக்கில் பிழையில்லை. ஆனால் முதலுடையோர் தம் முதலை அயல்நாட்டுக்குக் கொண்டுபோகத் தயங்குவர் என்னும் எடுகோளின்மீதே அவர் அதைக் கட்டினார். பின்வந்தோர் கணக்கைப் பரப்பினர், எடுகோளை விழுங்கிவிட்டனர்.

அவ்வெடுகோள் பொய்த்த மண் இது! 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப்பருமாவைக் கைப்பற்றினர். 1869இல் சூயசுக் கால்வாய் திறந்தது. ஐராவதிக் கழிமுகம் உலகுக்கு நெல் விளைக்கும் வயலாயிற்று. காடு திருத்திய உழவனுக்கு ஆங்கில வங்கிகள் கடன் தரவில்லை. கொண்டுவிற்கப் போன நகரத்தாரே தந்தனர்.

1930இல் நெல்விலை சரிந்தது. ஒரே விளைவை நம்பிய நாட்டில் கடன் திரும்புமா? கடனுக்கு ஈடாக நிலம் வந்தது. கீழ்ப்பருமாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையிலிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6, 1937இல் 25. நிலமிழந்த பருமிய உழவன் தமிழனை வெறுத்தான். நம்மவர் என்பதற்காக அதை மறைப்பது அழகன்று. ஆனால் அந்நெல்லை அரைத்து ஏற்றுமதி செய்த ஐரோப்பிய நிறுவனத்தார் அவன் கண்ணிற் படவில்லை. 1948இல் விடுதலை பெற்ற பருமா, நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. முன்பு தேக்கு கப்பலேறி வந்தது. நிலம் எப்படி வரும்?

இளந்தொழில்களுக்கு உல்கு வேலி வேண்டும் என்றார் செருமானியரான இலிசுட்டு, 1841இல். விடுதலைக்குப் பின் இந்திய அரசு அவ்வேலியை உயர்த்தியது; 1991இல் தாழ்த்தத் தொடங்கியது. எந்தக் கொள்கை நன்று என்று அறிஞர் வழக்காடட்டும். தேர்ந்தெடுப்பவர் யார் என்பதே என் வினா. 2021இல் இறக்குமதிப் பருத்திக்கு நூற்றுக்கு 11 உல்கு விதித்தது தில்லி. 2022 ஏப்பிரலில் சில திங்களுக்கு அதை நீக்கியதும் தில்லி. திருப்பூர் ஆலைகளுக்காகத் தமிழக அரசால் முறையிட மட்டுமே முடிந்தது. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். அயல்நாட்டு வணிகம் ஒன்றியப் பட்டியலில் 41ஆம் இடத்திலும், சுங்க உல்கு 83ஆம் இடத்திலும் உள்ளன. மாநிலப் பட்டியலில் இவ்விரண்டும் இல்லை.