சுரங்கத்துக்கு முந்தைய ஊர்



நெய்வேலியில் 1957-இல் சுரங்கப் பணி தொடங்கியது. பழுப்பு நிலக்கரிக்காகப் பல கிராமங்கள் இடம்பெயர்ந்தன. அந்த ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டன் பூட்டனை எங்கே தேடுவது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் கிடைக்காது. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிமனிதர் விவரம் ரகசியம்; ஊர்வாரி எண்ணிக்கைதான் வெளிவரும்.

பெயர் இருப்பது நிலப் பதிவேட்டில். வெள்ளைக்காரர் காலத்துச் செட்டில்மென்ட் பதிவேட்டில் சர்வே எண்ணும் பட்டாதாரர் பெயரும் உண்டு. நிலம் கையகப்படுத்திய ஆவணங்களில் உரிமையாளர் பெயர் இருக்கும். நெய்வேலி அன்று தென்னார்க்காடு மாவட்டம். 1993-இல்தான் அது பிரிந்தது. எனவே பழைய மாவட்டப் பெயரைச் சொல்லித் தேடுங்கள். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

நிலமில்லாத கூலிக் குடும்பத்தின் பெயர் பட்டாவில் வராது. அவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும், பிறப்பு இறப்புப் பதிவேடும், கிறிஸ்தவர்களானால் தேவாலயத்தின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளும் கைகொடுக்கும்.

கடல் கடந்தவர்களுக்கும் வழி உண்டு. 1860-இல் சென்னையிலிருந்து டர்பன் சென்ற 'ட்ரூரோ' முதலான கப்பல்களின் பட்டியல்களில் கூலியாட்களின் பெயர், தந்தை பெயர், ஊர் எல்லாம் எழுதப்பட்டன. தென்னாப்பிரிக்கத் தமிழர் இன்றும் அவற்றைக் கொண்டு வேர் தேடுகிறார்கள்.

எந்தப் பதிவேட்டைத் திறக்கவும் ஒரு பெயரும் ஓர் ஊரும் வேண்டும். அவை வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கின்றன. இன்றே கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள்.