மகளைத் தேடிய தெய்வத்தாய்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பண்டை நாட்டினர் போற்றிய தெய்வங்களைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். பல பெயர்களை அடுக்கிச் செல்வதினும் ஒரு வரலாற்றை முற்றக் கூறுதல் பயன்தரும் எனக் கருதி, கிரேக்கர் விளைவின் தலைவியாக வழிபட்ட டெமிட்டர் என்னும் தேவியின் கதையை எடுத்துக்கொள்கின்றேன். இதனை விரித்துரைப்பது ஹோமர் பெயரால் வழங்கும் ஒரு பழந்துதிப்பாடல். நெடுங்காலம் மறைந்துகிடந்த அதன் கையெழுத்துப் பிரதி 1777-ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரில் கண்டெடுக்கப்பட்டது.

டெமிட்டரின் அருமை மகள் பெர்சிபோனி. அவள் தோழியரோடு பூக்கொய்துகொண்டிருந்த பொழுது நிலம் பிளந்தது. கீழுலக வேந்தனாகிய ஹேடீஸ் பொற்றேரில் தோன்றி, அலறிய அவளைக் கவர்ந்து சென்றான். இது கள்வன் செய்த கவர்தல் மட்டும் அன்று. அவள் தந்தையும் தேவர்க்கரசனுமாகிய ஸீயஸ் முன்னரே மகட்கொடைக்கு இசைந்திருந்தான். மகளும் அறியாள்; தாயும் அறியாள்.

தாய் தீப்பந்தங்களைக் கையிலேந்தி, உணவும் நீராட்டும் இன்றி ஒன்பது நாள் உலகெங்குந் தேடினாள். ஈற்றில் கதிரவன் உண்மையை உரைத்தான். உரைத்ததோடு அமையாது ஆறுதலுங் கூறினான். மணமகன் இழிந்தவன் அல்லன், தேவியின் உடன்பிறந்தான், உலகைப் பங்கிட்ட மூவருள் ஒருவன், ஆகலின் சினம் வேண்டா என்பதே அவன் கூற்றின் கருத்து. பெரியோர்களே! நம்மவர் வழக்கிற் சொல்லின், மணமகன் தாய்மாமன். குலமும் செல்வமும் குறைவற்றவன். இதனினும் வேறென்ன வேண்டும்? ஆயினும், அவ்வாறுதலைக் கேட்ட தாயின் துயர் முன்னினும் மிகுந்தது. என்னை? மாப்பிள்ளையின் தகுதி பற்றியதன்று அவள் வழக்கு. மகளை ஒரு சொற் கேட்டார் இலர் என்பதே அவள் வழக்கு என யான் கொள்கின்றேன்.

அவள் தேவர் அவையைத் துறந்து, மூதாட்டி வடிவில் எலூசிஸ் என்னும் ஊரை அடைந்தாள். அங்குத் தனக்கெனக் கோயில் எடுப்பித்து அதனுள் அமர்ந்தாள். ஓராண்டு முழுவதும் விதைத்த விதை முளைக்கவில்லை. மாந்தர் பசியால் மாயவும், தேவர்க்குப் பலியிடுவார் இன்றி ஒழியவும் காலம் நெருங்கியது. ஸீயஸ் தேவர் பலரைத் தூது விடுத்தான். பரிசில்கள் பல தருவதாகக் கூறினான். மகளைக் கண்ணாற் காணுமளவும் ஒரு முளையும் எழவிடேன் என்று அவள் மறுத்தாள். இறுதியில் தேவர்க்கரசனே இறங்கிவந்தான்.

மகள் மீண்டாள். ஆயினும், புறப்படுமுன் ஹேடீஸ் அவளுக்கு ஒரு மாதுளை வித்தை ஊட்டிவிட்டான். கீழுலகில் உண்டமையால் ஆண்டுதோறும் மூன்றிலொரு பங்குக் காலம் அவள் அங்கே தங்க நேர்ந்தது.

விதை மண்ணுள் மறைந்து மீண்டும் முளைத்தலைக் குறிக்கும் உருவகம் இஃது என அறிஞர் பலர் விளக்குவர். அஃது ஒக்கும். ஆனால் அக்கதையைப் போற்றியவர் உழவர் மட்டும் அல்லர். ஏதென்ஸ் நகர்க்கு வடமேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள அவ்வெலூசிஸில், இவ்விரு தேவியர்க்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மறைவழிபாடு நிகழ்ந்தது. கொலைப்பழி இல்லாதவராய்க் கிரேக்க மொழி அறிந்தவராயின், மகளிரும் அடிமைகளுங்கூட அதிற் சேரலாம். கி.பி. 392-இல் பேரரசன் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடைசெய்த பின்னரே அது மறைந்தது.

அன்பர்களே! சென்ற ஆண்டு ஒரு தந்தையார் என்பால் வந்தார். அவர் மகள் என்னிடம் தமிழ் பயின்றவள். கல்லூரிப் படிப்பை முடித்தவள். மணமகனின் குடியும், நிலமும், உத்தியோகமும், பத்துப் பொருத்தமும் அவர் மகிழ்ந்து கூறினார். "பெண்ணின் கருத்து யாது?" என்றேன். "அவளைக் கேட்பதற்கு என்ன இருக்கிறது, ஐயா?" என்றார். யானும் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாது பத்திரிகையை வாங்கிக்கொண்டேன். அன்று வாய்மூடியிருந்தமைக்கு இன்று இவ்வவையில் வருந்துகின்றேன். கதிரவன் கூறிய ஆறுதலையே என் மௌனமும் கூறிற்று.

நம் சங்கத்தில் வரன் பதிவேடு ஒன்று உள்ளது. அதில் குலம், கோத்திரம், நட்சத்திரம், வருவாய் ஆகியவற்றிற்கு இடம் உண்டு. மகளின் இசைவிற்கும் ஓர் இடம் வகுத்து, அதனை அவளே தன் கையால் எழுதுமாறு செய்தல் வேண்டும் என இச்சங்கத்தாரைப் பணிவுடன் வேண்டுகின்றேன். மாதுளை வித்தை உண்ட பின்னர்த் தேவர்க்கரசனாலும் முழுவதும் மீட்க இயலவில்லை. கேட்க வேண்டியதை முன்னரே கேட்போமாக.