குழாய்க் குழந்தையும் குருட்டு எண்ணமும்
(ஒரு பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற வாரம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு பெண்ணைச் சம்பந்தம் பேசி முடிக்கும் தறுவாயில், அவள் குழாய்க் குழந்தை என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். உடனே “ஆயுள் இருக்குமா, அங்கஹீனம் வருமா, பிள்ளை பெறுவாளா?” என்று கேள்விமேல் கேள்வி. பெண்ணோ பட்டம் பெற்று வேலையில் இருப்பவள். ஒரு நோயும் இல்லாதவள். அதனால்தான் இன்று இந்த விஷயத்தைப் பேசுவதாய் ஒப்புக்கொண்டேன்.

முதலாவது, குழாய்க் குழந்தை என்பதே தப்பான பெயர். குழந்தை எந்தக் குழாயிலும் வளருவதில்லை. பெண்ணின் கருமுட்டையையும் ஆணின் விந்தையும் கண்ணாடித் தட்டில் சேர்த்துக் கருவாக்கி, மூன்று அல்லது ஐந்து நாளில் தாயின் கர்ப்பப்பையில் வைத்து விடுகிறார்கள். அப்புறம் உங்களையும் என்னையும் போல அதுவும் வயிற்றில்தான் வளருகிறது.

1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தில் ஓல்டம் நகர ஆஸ்பத்திரியில் லூயிஸ் பிரவுன் என்ற பெண் இம்முறையில் முதன்முதலாய்ப் பிறந்தாள். கடவுள் வேலையில் மனிதன் தலையிட்டான் என்று கூச்சல் போட்டவர்களும், பெற்றோருக்கு வசைக் கடிதம் எழுதியவர்களும் உண்டு. அந்தப் பெண் வளர்ந்தாள், மணந்தாள், 2006-இல் எந்த வைத்திய உதவியும் இல்லாமல் ஆண் குழந்தை பெற்றாள். அவளுக்கு முன்பே, அதே முறையில் பிறந்த அவளது தங்கை 1999-இல் தாயாகி விட்டாள். இன்று உலகில் இம்முறையில் பிறந்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். அந்த ஆராய்ச்சியில் எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ இருவரோடும் கூட நின்று உழைத்தவர் ஜீன் பர்டி என்ற தாதி. ஞாபகப் பலகையில் அந்த அம்மையார் பெயரை வெகுகாலம் சேர்க்காமல் விட்டார்கள். பெண் என்றால் அங்கேயும் அந்தக் கதிதான்!

நம் தேசத்துச் சங்கதி இன்னும் கேவலம். 1978 அக்டோபர் 3-இல், அதாவது லூயிஸ் பிறந்து 70 நாளில், கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் கருவைக் குளிரில் உறையவைத்துப் பிறகு தாய் வயிற்றில் வைத்து ஒரு பெண் குழந்தையைப் பிறப்பித்தார். சர்க்கார் நியமித்த கமிட்டி அவரை நம்பவில்லை. வெளிநாடு சென்று தம் ஆராய்ச்சியைச் சொல்லவும் அனுமதி இல்லை. கண் வைத்திய ஸ்தாபனத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூனில் அவர் தற்கொலை செய்துகொண்டார். சோதித்துப் பார்த்துச் சந்தேகிப்பது அறிவு. பாராமலே மறுப்பது அகங்காரம். அந்தக் குழந்தையோ சுகமாய் வளர்ந்து, தன் 25-வது வயதில் தானே வெளியில் வந்து பேசினாள்.

இனி, இக்குழந்தைகளின் தேக சுகம் எப்படி? ஒரு குறையுமில்லை என்று நான் புளுக மாட்டேன். இதில் முக்கியமான ஆபத்து இரட்டைப் பிள்ளை. ஒன்று தவறினாலும் ஒன்று நிற்கட்டும் என்று இரண்டு மூன்று கருக்களை வைத்ததால் இரட்டையும் மூன்றுமாய் உண்டாகி, மாதம் நிறையாமல், எடை குறைந்து பிறந்தன. மூச்சுக் கோளாறு முதலியவை பெரும்பாலும் அதன் பலன்தான். இதைக் கண்டுதான் ஸ்வீடன் 2003-இல், சாதாரணமாக ஒரு கருவே வைக்க வேண்டும் என்று விதி செய்தது. இரட்டைப் பேறு வெகுவாய்க் குறைந்தது. ஒற்றைப் பிள்ளையிலும் குறைப்பிரசவம் சற்று அதிகமே. ஆனால் அது முழுவதும் தட்டின் குற்றமன்று. தாயின் வயது, பிள்ளை உண்டாகாததற்கு மூலமான நோய் ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு.

பிறவிக் குறை? தென் ஆஸ்திரேலியாவில் 2012-இல் வெளியான ஆராய்ச்சியில், இயற்கையாய்க் கருவானவர்களில் 100-க்கு 5.8, வைத்திய உதவியால் பிறந்தவர்களில் 8.3 என்று கண்டார்கள். பெற்றோரின் வயது முதலியவற்றைக் கழித்துப் பார்த்தால், தட்டில் தானாகச் சேரவிடும் முறையில் சொல்லத்தக்க வித்தியாசம் நிற்கவில்லை. ஒரே விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறையில் மட்டும் வித்தியாசம் நின்றது. அதிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் குறையின்றியே பிறக்கிறார்கள். புற்றுநோய்ப் பயத்துக்கும் கணக்கு உண்டு. பிரிட்டனில் 1,06,013 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2013-இல் வெளியிட்டார்கள். எதிர்பார்க்கத்தக்கது சுமார் 110 பேர். கண்டது 108 பேர். இனி ஜாதகத்தைப் புரட்டி என்ன கணக்குப் போடப்போகிறார்கள்?

தாய்மார்களே! பிள்ளை இல்லையென்றால் உங்களை மலடி என்று அரசமரம் சுற்றவைக்கிறார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் வீட்டில் ஆணிடத்திலும் கோளாறு உண்டு. அவனைச் சோதிக்க ஒரு நாள் போதும், ஆனால் அவன் வரமாட்டான்! இன்னும் வேடிக்கை, வேறொருவர் விந்தோ முட்டையோ வேண்டிவந்தால், அவர் என்ன ஜாதி என்று டாக்டரிடம் விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடித் தட்டுக்கும் பூணூல் மாட்டலாம் என்ற எண்ணம் போலும்!

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நான் சொல்லும் மூன்றைக் கேளுங்கள். எத்தனை கரு வைக்கப் போகிறீர்கள்? ஒன்று போதாது என்றால் ஏன்? ஊசி முறை எங்களுக்கு அவசியந்தானா? வெற்றிக் கணக்குக் காட்டுவதற்காக இரண்டு மூன்று வைப்பவரிடம் காரணம் கேட்கக் கூசவேண்டாம். பணம் உங்களுடையது, வயிறும் உங்களுடையது. பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில் நடக்கட்டும்.

சந்தேகம் உள்ளவர்கள் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பலாம். பெயர் போடவேண்டியதில்லை.