ஒரு பாத்தியில் மூன்று தலைமுறை

(சபையின் ஆண்டு நிறைவை முன்னிட்டு, அறுவடை நன்றி ஆராதனையின் பின் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கடந்த வருடம் இதே ஆராதனை முடிந்த பின், காணிக்கை மேசையருகே நின்றுகொண்டிருந்தேன். பூசணிக்காய், அப்பிள், கரட், திராட்சை எல்லாம் அழகாக அடுக்கியிருந்தன. ஒரு பூசணிக்காயில் கடையின் விலைச்சீட்டு கழற்றாமல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்த ஒரு சின்னப் பையன் என்னிடம் கேட்டான்: "மாமா, இதை ஆர் நட்டது?"

எனக்குத் தெரியவில்லை. சுற்றி நின்ற பெரியவர்களுக்கும் தெரியவில்லை.

ஊரிலே அந்தக் கேள்விக்கு இடமே இருந்ததில்லை. அறுவடை விழாவன்று தோட்டத்து முதற்பலன்தான் கோவிலுக்கு வரும். இந்த வாழைக்குலை எந்த வளவில் வெட்டியது, அந்தப் பூசணி எந்தக் கிணற்றுத் தண்ணீரில் விளைந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆராதனை முடிந்ததும் ஏலம் கூறுவார்கள். விளைவித்தவரே தன் கத்தரிக்காயைக் கூடிய விலைக்குத் திருப்பி வாங்கிக்கொண்டு போவதும் உண்டு! அங்கே நன்றி சொன்ன கைகளில் மண் இருந்தது. இங்கே எங்கள் கைகளில் பற்றுச்சீட்டு இருக்கிறது. வாங்கிக் கொடுப்பது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையனின் கேள்விக்கு நாங்கள் ஒரு பதில் கொடுக்கவேண்டும்.

ஜேர்மனியில் 2010இல் ஏறத்தாழ 2,99,000 பண்ணைகள் இருந்தன. 2020இல் எடுத்த விவசாயக் கணக்கெடுப்பின்படி அது ஏறத்தாழ 2,63,000. பத்தே வருடத்தில் 36,000 பண்ணைகள் குறைந்துவிட்டன. பண்ணையை நடத்துபவர்களின் சராசரி வயது 53. அதாவது, எங்களுக்குச் சோறு போடுகிற கைகள் மூப்படைகின்றன. எங்கள் சபையிலும் இதே நிலைதான். மண்ணைத் தொட்டுப் பார்த்தே ஈரம் சொல்லக்கூடிய அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் நாலாம் மாடி வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுடைய அறிவு அவர்களோடே போய்விடுமா என்பதுதான் என் கவலை.

பிள்ளைகளே, இனி உங்களுக்கு ஒரு கதை. ரயிலில் போகும்போது தண்டவாளத்தின் ஓரமாகக் குட்டி வீடுகளோடு தோட்டங்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை கிளைன்கார்ட்டன் என்பார்கள், ஷ்ரேபர்கார்ட்டன் என்றும் சொல்வார்கள். இந்த நாட்டில் அப்படி ஏறத்தாழ 9 இலட்சம் தோட்டங்கள் உண்டு. அந்தப் பெயர் வந்த விதம் தெரியுமா?

1864இல் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் ஹவுஷில்ட் என்ற பாடசாலை அதிபர், பெற்றோரைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். சில வருடங்களுக்கு முன் காலமான மருத்துவர் ஷ்ரேபரின் பெயரை அதற்கு வைத்தார். நகரத்துப் பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு புல்வெளி வேண்டும் என்பதுதான் நோக்கம், தோட்டம் என்ற எண்ணமே அப்போது இல்லை. பிறகு ஹைன்ரிஷ் கார்ல் கெசெல் என்ற ஆசிரியர் புல்வெளியின் ஓரத்திலே பிள்ளைகளுக்கென்று பாத்திகள் போட்டுக் கொடுத்தார். நட்டுத் தண்ணீர் விட்டுப் பழகட்டும் என்று நினைத்தார்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? முதலில் ஆசையோடு கொத்தினார்கள். கொஞ்ச நாளில் அலுத்துப்போய் விளையாடப் போய்விட்டார்கள். களை மண்டியது. அதைப் பார்த்த பெற்றோர் மண்வெட்டியைத் தாங்களே எடுத்தார்கள். பிள்ளைகளின் பாத்திகள் குடும்பப் பாத்திகளாயின. பிறகு சுற்றிவர வேலியும் வந்தது. இன்று நாடெங்கும் பரந்திருக்கிற இந்தத் தோட்டங்களுக்கு ஷ்ரேபரின் பெயர் நிலைத்தது இப்படித்தான்.

இந்தக் கதையில் எனக்கு இரண்டு பாடம் தெரிகிறது. பிள்ளைகளிடம் மட்டும் கொடுத்தால் களை வளரும். பெரியவர்களே முழுக்க எடுத்துக்கொண்டால் வேலி வளரும். இரண்டும் வேண்டாமென்றால் சேர்ந்து நிற்கவேண்டும்.

இன்னொரு கதை, இது எங்களுக்குக் கிட்டியது. 1995ஆம் ஆண்டு, கோட்டிங்கன் நகரம். பொஸ்னியப் போரிலிருந்து தப்பி வந்த பெண்கள் ஓர் ஆலோசனை நிலையத்தில் கூடித் தேநீர் குடித்து, கைவேலை செய்துகொண்டிருப்பார்கள். இந்த நாட்டில் உங்களுக்கு எது இல்லாதது பெரிய குறை என்று அவர்களிடம் கேட்டார்கள். தங்கள் தோட்டங்களையே அவர்கள் சொன்னார்கள். அடுத்த வருடமே ஒரு நிலம் கிடைத்தது. எத்தியோப்பியாவிலிருந்து வந்த விவசாயப் பொறியியலாளர் ஒருவர் கூட நின்று வழிகாட்டினார். பல நாட்டவர் பக்கத்துப் பக்கத்தில் பயிரிட்டார்கள். விதை கேட்கவும் கொடுக்கவும் பேச்சு வேண்டும், ஆகவே ஜேர்மன் மொழியும் அங்கேயே வளர்ந்தது. 1998இல் அது ஒரு சங்கமாகப் பதிவானது. இன்று அதே வழியில் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் நாடெங்கும் இருக்கின்றன.

1983க்குப் பின் எங்கள் ஊரை விட்டு ஓடிவந்தவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? யாரும் கேட்கவில்லை. நாங்களும் எங்கள் அம்மாவிடம் கேட்கவில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் கேட்டுப் பாருங்கள்.

வேதத்தில் ரூத் என்ற அந்நிய தேசத்துப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். புது ஊருக்கு அவள் மாமியோடு வெறுங்கையாக வந்தாள். அந்த ஊருக்குள் அவளுக்குத் திறந்த முதல் வாசல் ஒரு வயல். வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவைக்கவேண்டும் என்ற கட்டளை இருந்ததால் அவள் பிழைத்தாள். முதியவள் வழி சொன்னாள், இளையவள் கதிர் பொறுக்கினாள். இரண்டு தலைமுறை சேர்ந்து ஒரு வீட்டைக் கட்டி எழுப்பியது.

சரி, நாங்கள் என்ன செய்யலாம்? இரண்டு வழி சொல்கிறேன்.

முதலாவது, சபையாக ஒரு பண்ணையோடு சேர்வது. ஹம்பர்க் நகருக்குக் கிட்ட புஷ்பெர்க்ஹோஃப் என்ற பண்ணை 1988இல் ஒரு புது முறையைத் தொடங்கியது. வருடச் செலவை உறுப்பினர்கள் முன்கூட்டியே பகிர்ந்து கொடுப்பார்கள், விளைச்சலையும் பகிர்ந்து எடுப்பார்கள். ஆலங்கட்டி மழை அடித்தால் நட்டமும் எல்லோருக்கும்தான். சுருக்கமாக சோலாவி என்று அழைக்கப்படும் இந்த முறையில் இன்று 400க்கு மேற்பட்ட பண்ணைகள் நடக்கின்றன. பலவற்றில் உறுப்பினர்கள் குடும்பமாக வந்து வேலை செய்யும் நாட்கள் உண்டு. எங்கள் வாலிபர் கூட்டம் வருடத்தில் இரண்டு சனிக்கிழமை அங்கே போய் உருளைக்கிழங்கு கிண்டலாம்.

இரண்டாவது, சபைக்கென்று ஒரு கிளைன்கார்ட்டன் குத்தகைக்குக் கேட்பது. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு தோட்டம் 400 சதுர மீற்றருக்கு மேற்படக்கூடாது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிலாவது காய்கறியோ பழமோ விளைவிக்கவேண்டும். எங்களுக்கு அது கஷ்டமா? நாங்கள் முழுவதிலும் நடுவோம்!

ஒவ்வொரு பாத்தியும் மூன்று பேருக்கு என்று வைப்போம்: ஒரு மூத்தவர், ஒரு பெற்றோர், ஒரு பிள்ளை. பெப்ரவரியில் மிளகாய் விதையை வீட்டு யன்னலோரம் முளைக்கப் போடலாம். மே 15இல் வரும் கால்ட்டே சோஃபி நாள் கழியும்வரை நாற்றை வெளியே நடவேண்டாம், உறைபனி கொண்டுபோய்விடும். இதை உங்கள் பிள்ளைகள் பாடசாலையில் கேட்டிருக்கக்கூடும், அம்மம்மாவுக்கு அவர்கள் சொல்லட்டும். நாற்றை எந்த ஆழத்தில் வைப்பது, பூச்சியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அம்மம்மா அவர்களுக்குச் சொல்லட்டும். முதலில் சிவப்பு முள்ளங்கி போடுங்கள், ஐந்தாறு கிழமைக்குள் பிடுங்கலாம், பிள்ளைக்கு அலுப்பு வராது. நோக்கோலும் போடுங்கள். கோல்றாபி என்று கடையில் விற்கும் காய் அதுதான் என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? நாற்று, களை, பசளை என்ற சொற்களை நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தால் மறந்துவிடுவார்கள். கையில் மண் பட்டுப் படித்த சொல் மறக்காது.

பெற்றோருக்கு ஒரு சொல். உங்கள் மகளோ மகனோ ஒருநாள் வந்து, கமக்காரராகப் போகிறேன், தோட்டக்கலை படிக்கப் போகிறேன் என்று சொன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள். இந்த நாட்டில் அது மூன்று வருடம் முறையாகப் படித்துப் பெறுகிற தொழில். வைத்தியரும் பொறியியலாளரும் மூன்று வேளை சாப்பிடவேண்டும்.

வாலிபர்களே, குத்தகை விண்ணப்பத்தையும் சங்கத்துக்கு எழுதும் கடிதத்தையும் நீங்கள்தான் எழுதவேண்டும். உங்கள் ஜேர்மன் மொழி இல்லாமல் அந்தப் படலை திறக்காது. மூத்தவர்களின் கை இல்லாமல் உள்ளே ஒன்றும் விளையாது.

வருகிற வருடம் இதே மேசையில் ஒரு பூசணிக்காய் இருக்கட்டும். கடையில் வாங்கியதைவிடச் சின்னதாக, கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பையன் மறுபடியும் என்னிடம், "மாமா, இதை ஆர் நட்டது?" என்று கேட்கவேண்டும். நான் அவனையே கைகாட்டவேண்டும்.

விதைக்கிறவனுக்கு விதையையும் புசிக்கிறவனுக்கு ஆகாரத்தையும் கொடுக்கிற தேவன், எங்கள் சபையையும் எங்கள் பிள்ளைகளின் கைகளின் வேலையையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.