கண்ணுக்குள் ஒரு பாசனம்



நம் சிவகங்கைச் சீமையிலே கண்மாய் இல்லாத ஊரைக் காண்பது அரிது. மடையைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டியதா, வழியிலே கரை உடைந்து கசிகிறதா என்று வாய்க்கால் ஓரமாக நடந்து பார்ப்பவனே நல்ல உழவன். நம் கண்ணின் விழித்திரையிலும் அத்தகைய பாசனம் ஒன்று உண்டு. அங்கே பாய்வது குருதி.

உடலைக் கீறாமலே இரத்தக் குழாய்களை நேரில் காணத்தக்க இடம் கண்ணின் உட்புறமாகும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851ஆம் ஆண்டில் வெளியிட்ட கருவி அதற்கு வழி திறந்தது. ஆயினும் குழாய் தெரிந்ததேயன்றி, அதனுள் ஓட்டம் எத்தகையது என்பது விளங்கவில்லை.

1961ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ மாணவர் இருவர், நோவாட்னி, ஆல்விஸ் என்போர், அதற்கு வழி கண்டு வெளியிட்டனர். ஃபுளோரசீன் என்னும் சாயத்தைக் கையிலுள்ள இரத்தக் குழாயில் ஊசி வழியே செலுத்துவர். பத்துப் பதினைந்து விநாடிகளில் அது விழித்திரையை எட்டும். நீல ஒளி பட்டதும் பச்சையாய் ஒளிரும். அதை அடுத்தடுத்துப் படமெடுப்பர். ஒளிராத இடத்தில் ஓட்டமில்லை. பரவித் தேங்கும் இடத்தில் கசிவு உண்டு.

இன்று ஊசியில்லாத முறையும் வந்துவிட்டது. ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபி என்பது அதன் பெயர். ஒரே இடத்தை ஒளியால் மீண்டும் மீண்டும் வருடும்போது, அசையாத திசு மாறாமல் நிற்கும். ஓடும் குருதி மட்டும் மாறித் தோன்றும். அம்மாற்றத்தைக் கொண்டே குழாய்களின் படம் உருவாகிறது. ஆனால் கசிவை அது காட்டாது. ஆதலால் சாய முறையும் ஓய்வு பெறவில்லை.

நானோ ஓய்வு பெற்றவன், நீரிழிவுக்காரனுங்கூட. செய்தித்தாளின் பொடி எழுத்தையும் படிக்கிறேனே என்ற செருக்கில் சில ஆண்டுகள் கண்ணைச் சோதிக்காதிருந்தேன். கல்லூரியில் படிக்கும் என் பேத்திதான் பிடிவாதமாக மதுரைக்கு அழைத்துச் சென்றாள். மருத்துவர் காட்டிய படத்தில் விழித்திரையின் ஓரம் திட்டுத் திட்டாக இருண்டு கிடந்தது. என் கடைமடை வறண்டு போயிருந்தது, நான் அறியவேயில்லை! லேசர் சிகிச்சையால் எஞ்சிய பார்வை காக்கப்பட்டது. மங்கும்வரை காத்திருந்தால், இழந்ததை மீட்பது அரிதாகியிருக்கும்.

நீரிழிவுள்ளோர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். “நன்றாகத் தெரிகிறதே” என்பது சான்றாகாது. இன்று வீட்டுக்குப் போனதும், “தாத்தா, விழித்திரையைக் காட்டி எத்தனை நாளாயிற்று?” என்று கேளுங்கள். அவர் சினந்தாலும் விடாதீர்கள். நானும் முதலில் சினந்தவனே.